வால்பாறை ஏறினால் மட்டும் ஒழுகும் எண்ணெய்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் தன் பழைய பென்ஸை என் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு ஏற்கெனவே பல வைத்தியம் பார்த்தாகியிருந்தது. வேறோர் இடத்தில் டேப்பெட் கவர் பேக்கிங் மாற்றியிருந்தார்கள். அப்புறம் சம்ப் பேக்கிங். கடைசியாக, கிராங்கின் பின்பக்க சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்று சொல்லி நாளும் குறித்துவிட்டார்கள். செலவைக் கேட்டு மலைத்துப்போய்த்தான் வண்டியைக் கோயமுத்தூருக்கு எடுத்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, ஊருக்குள்ள ஓட்டுனா ஒரு சொட்டு இல்லீங்க. உடுமலை போயிட்டு வந்தாலும் இல்லீங்க. வால்பாறை ஏறுனா மட்டும், அட்டகட்டி தாண்டறதுக்குள்ள அடியெல்லாம் ஆயிலுங்க. கீழ எறங்கி வந்து நிறுத்துனா மறுபடி சொட்டறதில்லீங்க."

பாதி விடை அந்தப் பேச்சிலேயே இருந்தது. பேக்கிங்கோ சீலோ போயிருந்தால் மலையடிவாரத்து ஆழியாறுக்கு முன்னாலும் ஒழுகும், பின்னாலும் ஒழுகும். மேட்டில் மட்டும் ஒழுகுகிறது என்றால், மேட்டில் மட்டும் முழுசாக வேலை செய்கிற பாகம் எது என்று பார்க்க வேண்டும். அந்தக் காரில் அப்படி ஒன்று இருக்கிறது. அது ஆயில் கூலர். அதற்கு எண்ணெயைக் கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் இரண்டு ஹோஸ்.

இந்த இரண்டு ஹோஸைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருப்பார்கள். கிலோமீட்டர் பார்த்து ஆயில் மாற்றுவார்கள், ஃபில்டர் மாற்றுவார்கள், பாலிஷ் போடுவார்கள். அந்த ஆயில் ஓடுகிற ரப்பர் குழாய் மட்டும் கம்பெனியில் மாட்டிய நாளிலிருந்து அப்படியே கிடக்கும். வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். "வண்டி ரொம்ப ஓடலீங்களே" என்ற சமாதானம் பிஸ்டனுக்குப் பொருந்தும், ஹோஸுக்குப் பொருந்தாது.

வந்தது 1983 மாடல் 300டி. டபிள்யூ 123 என்று கம்பெனி பெயரிட்ட வரிசை. 1976இல் விற்பனைக்கு வந்து 1986இல் நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 27 லட்சம் கார்கள் செய்தார்கள். வெளிநாட்டுத் தூதரகங்கள் கழித்துவிட்ட கார்களை எஸ்.டி.சி. என்கிற அரசு வணிக நிறுவனம் விற்ற காலம் ஒன்று உண்டு. அந்த வழியில் இவருடைய அப்பா வாங்கிய வண்டி இது. உள்ளே இருப்பது ஓஎம் 617 என்கிற ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின், மூன்று லிட்டர், 88 குதிரைசக்தி. இழுக்க வேண்டிய எடையோ கிட்டத்தட்ட ஒன்றரை டன்.

என்னைப் போன்ற மெக்கானிக்குகளுக்கு இந்த எஞ்சின் அந்நியமே இல்லை. இதே குடும்பத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சினான ஓஎம் 616ஐ, மெர்சிடிஸிடம் உரிமம் வாங்கி நம் நாட்டிலேயே செய்தது பஜாஜ் டெம்போ. 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியதே, அதே நிறுவனம். பழனிக்கும் சபரிமலைக்கும் ஆளேற்றிப்போன டெம்போ டிராவலரிலும், சந்துபொந்தெல்லாம் ஓடிய டிராக்ஸிலும் அந்த எஞ்சின்தான் இருந்தது. டிராவலரின் எஞ்சினைப் பிரித்துப் பழகிய கை, பென்ஸின் பானட்டைத் திறந்ததும் பாதிக்கு மேல் அடையாளம் கண்டுகொள்ளும்.

எஞ்சின் ஆயிலை வழுவழுப்புக்காக மட்டும் ஊற்றுகிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சூட்டைச் சுமந்துகொண்டு போவதும் அதன் வேலை. கிராங்க் பேரிங், பிஸ்டனின் அடிப்பாகம் என்று ரேடியேட்டர் தண்ணீர் எட்டிப் பார்க்க முடியாத இடங்களிலெல்லாம் எண்ணெய்தான் தொட்டுச் சூட்டை எடுத்துவருகிறது. எடுத்துவந்ததை எங்காவது இறக்கிவைக்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் சம்பின் அடியில் படும் காற்றே போதும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில், ஆக்ஸிலேட்டரை அழுத்தியபடியே, ஏறத்தாழ 3,500 அடி உயரத்துக்குப் போக வேண்டும். வண்டியின் வேகம் குறைவு, அடியில் படும் காற்றும் குறைவு, எஞ்சின் படும் பாடு அதிகம். அந்த நேரத்துக்காகத்தான் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒரு கூலர்.

அந்தக் கூலருக்கு எண்ணெய் எப்போதும் முழு ஓட்டமாகப் போவதில்லை. ஆயில் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்குக்குள் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. எண்ணெய் சுமார் 95 டிகிரி தொடும்வரை அது கூலர் பக்கத்து வழியை அடைத்தே வைத்திருக்கும். எண்ணெய் சீக்கிரம் சூடேறி இளகட்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் ஓடும்போது கூலர் ஹோஸுக்குப் பெரிய வேலை இல்லை. உடுமலை ரோட்டில் ஓடும்போதும் இல்லை. மலை ஏறும்போதுதான் கொதிக்கிற எண்ணெய், தண்ணீராக இளகி, முழு அழுத்தத்தோடு அந்தக் குழாய்களுக்குள் பாய்கிறது. பலவீனமான இடம் எது இருந்தாலும் அப்போது வெளியே வரும். இறக்கத்தில் எண்ணெய் ஆறிவிடும், வழி அடைபடும், ஒழுக்கும் நின்றுவிடும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்க்கிறவருக்கு ஒரு சொட்டும் தெரியாது.

பின்பக்க சீல் மேல் ஏன் சந்தேகம் போயிற்று என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். முன்னால் கசிகிற எண்ணெய் ஓட்டக் காற்றில் எஞ்சினின் அடி முழுக்கப் பரவி, பின்னால் கியர்பாக்ஸ் சேருமிடத்தில் திரண்டு சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பார்த்து வைத்தியம் செய்தால் வண்டியில் உள்ள பேக்கிங் அத்தனையும் மாற்றிய பிறகும் எண்ணெய் சொட்டும். கசிவு எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு எந்த மெஷினும் வேண்டாம், முகத்துக்குப் போடுகிற பவுடர் போதும்.

அடிப்பக்கத்தையும் ஹோஸ்களையும் மண்ணெண்ணெய் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தோம். திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, ஈரம் துளியும் இல்லை என்று பார்த்த பிறகு பவுடரை ஹோஸ் முழுக்கத் தூவினோம். இரும்பு முனையும் ரப்பரும் சேருகிற இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே. தோட்டக்காரரையே வண்டியை எடுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, வால்பாறை ரோட்டில் சில வளைவுகள் ஏறிப்போய் ஓரம்கட்டினோம். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, வெள்ளைப் பவுடருக்கு நடுவே கீழ் ஹோஸின் இரும்புப் பூணை ஒட்டி ஒரு கறுப்பு வளையம் எழுந்திருந்தது. வளையத்தின் அடியிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கி, அதன் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. டேப்பெட் கவர் காய்ந்தே இருந்தது, சம்ப் விளிம்பும் அப்படியே. கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலை அந்த ஓரத்திலேயே ரத்தானது.

பூண் என்று நான் சொல்வது, ரப்பர்க் குழாயையும் இரும்புக் குழாயையும் சேர்த்து அமுக்கிப் பிடித்திருக்கும் வளையம். கிரிம்பிங் என்று ஹோஸ் கடைகளில் சொல்வார்கள். பழைய ஹோஸ் முதலில் கைவிடுகிற இடம் பெரும்பாலும் இதுதான். காரணம் ரப்பர் மூப்படைகிற விதத்தில் இருக்கிறது. புது ரப்பருக்குத் திமிறித் தள்ளும் குணம் உண்டு. பூண் அதை அமுக்க, அது பூணைத் திருப்பித் தள்ளிக்கொண்டு இறுக்கமாக நிற்கும். சூட்டிலும் எண்ணெயிலும் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தக் குணம் போய் ரப்பர் கெட்டியாகிவிடும். வீட்டில் குக்கர் கேஸ்கட்டைப் பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு முழுசாக இருக்கும், கிழிசல் இருக்காது, ஆனால் மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஆவி தப்பிக்கொண்டே இருக்கும். பூணுக்குள் நடப்பதும் அதுதான். பூணை இன்னும் கொஞ்சம் நசுக்கி அடைத்துவிடலாம் என்று சிலர் சுத்தியலை எடுப்பார்கள். திமிறும் குணமே போன ரப்பரை எவ்வளவு நசுக்கினாலும் அது அடைக்காது, உள்ளே விரிசல்தான் விடும்.

எல்லா ரப்பரும் எண்ணெயைத் தாங்குவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் மரத்தைச் சீவி எடுக்கிற இயற்கை ரப்பரை எஞ்சின் ஆயிலில் போட்டால் ஊறி உப்பி வலுவிழந்துவிடும். ரேடியேட்டர் ஹோஸ் செய்கிற ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், கொதிக்கும் தண்ணீரையும் கூலன்ட்டையும் வருஷக்கணக்கில் தாங்கும். எண்ணெய் பட்டால் அதுவும் உப்பிப்போகும். எண்ணெய்க்கென்று இருப்பது நைட்ரைல் ரப்பர், 1930களில் ஜெர்மனியில் உருவானது. அதிலும் சாதாரண ரகம் 100 டிகிரியை ஒட்டித்தான் நெடுநாள் உழைக்கும். அதற்கு மேல் தாங்க வேண்டுமென்றால் ஹைட்ரஜனேற்றிய நைட்ரைல், அக்ரிலிக் ரப்பர் என்று மேல் ரகங்கள் இருக்கின்றன. வழியில் ஹோஸ் வெடித்து, அவசரத்துக்கு ரேடியேட்டர் ஹோஸ் துண்டைச் செருகி இரண்டு கிளிப் போட்டு ஓட்டி வந்த வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே ஓடுவது மூன்று முதல் ஐந்து பார் அழுத்தத்தில் 110, 120 டிகிரி எண்ணெய். உப்பி வழுக்குகிற ரப்பரைத் திருகு கிளிப் பிடித்து நிற்காது. கழன்று தெறிக்கும் எண்ணெய் சூடான சைலன்சர் குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கவும் செய்யும்.

ஹோஸ் முழுசாக வெடித்தால் என்ன ஆகும்? இந்த எஞ்சினில் இருப்பது ஆறேழு லிட்டர் எண்ணெய். பம்ப் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். சம்பில் இருப்பதை எடுத்து ஓரிரு நிமிஷத்தில் ரோட்டில் ஊற்றிவிடும். அதன் பிறகு பேரிங்குகள் வெறும் உலோகத்தோடு உலோகமாக உரசும். டபிள்யூ 123இன் டேஷ்போர்டில் ஆயில் பிரஷருக்கென்று ஒரு முள் உண்டு, பூஜ்யத்திலிருந்து மூன்று பார் வரை. ஓட்டத்தில் அது மூன்றிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். சூடாக ஐடிலிங்கில் நிற்கும்போது இறங்கும், அது வழக்கம்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது இறங்கினால் வழக்கம் அல்ல. உடனே ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்கிற அந்த நப்பாசைதான் பல எஞ்சின்களைக் கொன்றிருக்கிறது.

தோட்டக்காரருக்குக் கீழ் ஹோஸ் மட்டும் மாற்றினால் போதும் என்ற எண்ணம். நான் இரண்டையும் மாற்றத்தான் சொன்னேன். இரண்டும் ஒரே வயது, ஒரே சூடு. ஒன்று போய்விட்டால் மற்றது வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். அது போதாதென்று, ஒன்றைக் கழற்றவே பாதி முன்பக்கத்தைப் பிரிக்க வேண்டும். இரண்டாவதுக்குத் தனிக் கூலி ஆகாது.

கம்பெனி ஹோஸ் இன்றும் ஜெர்மனியிலிருந்து தருவிக்கலாம். காத்திருக்க வேண்டும், விலையும் கூட. தருவித்தாலும் ஹோஸ்மேல் அச்சாகியிருக்கும் தயாரிப்புக் காலத்தைப் பார்த்தே வாங்குங்கள். பல ஹோஸ்களில் காலாண்டும் வருஷமும் போட்டிருப்பார்கள். அலமாரியில் பத்து வருஷம் தூங்கிய ரப்பரை நான் வாங்க மாட்டேன். இன்னொரு வழி, பழைய ஹோஸின் இரும்பு முனைகளைக் காப்பாற்றி, நடுவே புது ரப்பர் போட்டு கிரிம்ப் செய்வது. கோயமுத்தூரில் அதற்குப் பஞ்சமில்லை. ஜே.சி.பி.க்கும் போர்வெல் வண்டிக்கும் ஹோஸ் அடித்துக் கொடுக்கிற கடைகள் நிறைய. நாங்கள் போனதும் அப்படிப்பட்ட ஒன்றுக்குத்தான்.

கடைக்காரத் தம்பி கவுன்ட்டருக்கு அடியிலிருந்து ஒரு ஹோஸை எடுத்துப் போட்டார். "இது நூறு பாருக்கு மேல தாங்குங்ணா. பொக்லைன்ல போடறதுங்க. உங்க காருக்கு அஞ்சு பார்தானுங்களே, ஆயுசுக்கும் போகாதுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அழுத்தத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னார். ஹோஸைத் திருப்பி மேலே அச்சிட்டிருந்ததைப் படித்தேன். எஸ்.ஏ.இ. 100 ஆர்1. பொக்லைன்களில் தாராளமாகப் புழங்குகிற ரகம், உள்ளே ஒரு சுற்று இரும்புப் பின்னல். அந்தத் தரத்துக்கு வகுத்திருக்கும் வெப்ப எல்லை 100 டிகிரி. பொக்லைனின் ஹைட்ராலிக் எண்ணெய்க்கு அது போதும், அந்த எண்ணெய் அவ்வளவு கொதிப்பதில்லை. கூலருக்குப் போகிற எஞ்சின் ஆயிலோ, தெர்மோஸ்டாட் திறக்கும்போதே 95 டிகிரி. மலையில் நூற்றைத் தாண்டிப் போகும். நூறு பார் தாங்குகிற அந்த ஹோஸ் ஐந்து பாரில் வெடிக்காது. ஆனால் ஒவ்வொரு மலைப் பயணத்திலும் உள் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக வெந்து கெட்டியாகும். ரப்பரின் வேதி மாற்றம், சூடு பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. 20 டிகிரி கூடினால் நான்கு மடங்கு.

"தம்பி, அழுத்தம் எனக்கு வேண்டாம். 150 டிகிரி தாங்கற எண்ணெய் ஹோஸ் இருந்தா எடுங்க. ஹோஸ்மேலயே அது அச்சாகி இருக்கணும்" என்றேன். உள்ளே போய்த் தேடி எடுத்துவந்தார். இந்தக் கேள்வியை நீங்கள் எந்தக் கடையிலும் கேட்கலாம். வெப்பம் எவ்வளவு, எண்ணெய்க்கா தண்ணீருக்கா, எந்த வருஷத்து ஹோஸ். மூன்றுக்கும் பதில் ஹோஸின் மேலேயோ கம்பெனி அட்டவணையிலோ இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள். டெஃப்லான் உட்குழாய்க்கு மேல் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸையும் சிலர் காட்டுவார்கள். அது 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், நல்ல சரக்குதான். ஆனால் விறைப்பு அதிகம். இந்த டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதும் அணையும்போதும் நன்றாக ஆடும். கூலரோ பாடியோடு சேர்ந்து அசையாமல் நிற்கும். நடுவில் உள்ள குழாய் அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் எனக்கு ரப்பர்தான் திருப்தி.

கழற்றுகிற வேலைதான் இதில் கை நடுங்க வைப்பது. கூலர் அலுமினியம், ஹோஸின் நட் இரும்பு. இரண்டு உலோகமும் பல வருஷம் சேர்ந்து கிடந்தால் நடுவே துருவும் வெள்ளைப் பொடியுமாகப் பூத்து ஒன்றோடொன்று இறுகிவிடும். ஸ்பேனரைப் போட்டு ஓர் இழு இழுத்தால் நட்டோடு அலுமினிய மரையும் உருவிக்கொண்டு வரும், அல்லது கூலரின் கழுத்தே முறுகும். ஹோஸ் மாற்றப்போய்க் கூலருக்கு அலைந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஊறவிட வேண்டும். அடுத்த நாள் மறுபடி அடிக்க வேண்டும். கூலரின் கழுத்தில் ஸ்பேனர் பிடிக்க என்றே பட்டை வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்பேனரால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். பிடிக்கிற கைதான் முக்கியம், திருப்புகிற கை அல்ல.

மேல் நட் இளகிவிட்டது. கீழ் நட் அசையவில்லை. அங்கே பலத்தைக் காட்டக் கூடாது. நட் பழைய ஹோஸின் நட், அதற்கு மாற்று கிடைக்கும். கூலர் அப்படியல்ல. எனவே நட்டைப் பலி கொடுத்தோம். சின்ன வெட்டுச் சக்கரத்தால் நட்டின் ஒரு பட்டையில் நீளவாக்கில் கீறி, மரையைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்தி, உளியை வைத்து மெல்லத் தட்டினால் நட் விண்டுகொடுக்கும். டக் என்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகு விரலாலேயே சுற்றலாம். அலுமினிய மரையில் ஒரு கீறலும் விழாமல் வந்தபோது என் பட்டறைப் பையன், "அவ்வளவுதானாண்ணா?" என்றான். அவ்வளவுதான், ஆனால் அவசரப்படாமல் இருந்தால்.

ஹோஸைப் பிரித்ததும் உள்ளே தேங்கியிருந்த எண்ணெய் கொட்டும். ஆயில் மாற்றும்போது சம்ப் மட்டும்தான் காலியாகிறது, கூலரிலும் ஹோஸிலும் பழசு தங்கிவிடும். ஒரு தட்டை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் டப்பாவில் சேர்த்து, மறுசுழற்சிக்கு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். எஞ்சின் ஆறாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. வண்டியை ஜாக்கி மேல் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகவும் கூடாது, ஸ்டாண்ட் போட்ட பிறகுதான். கூலரையும் இறக்கி டீசலால் உள்ளே அலசி, காற்றடித்தோம். முன்பக்கத்து இதழ்களில் பூச்சியும் செம்மண்ணும் அடைந்து பாதி மூடியிருந்தது. அதைத் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்ததிலேயே கூலருக்குப் புது மூச்சு.

எஞ்சின் மவுண்டிங்கையும் அந்த நேரத்தில் பார்த்துவிட வேண்டும். ஒழுகிய எண்ணெய் மவுண்டிங் ரப்பரில் ஊறினால் அது அமுங்கும். எஞ்சின் ஒரு பக்கம் சரியும், சரிந்தால் ஹோஸ் எங்காவது இரும்பில் உரசும். இந்தக் காரில் ஒரு மவுண்டிங் நன்றாகவே அமுங்கியிருந்தது. அதை விட்டுவிட்டுப் புது ஹோஸ் மாட்டினால் அதையும் உரசித் தின்றுவிடும் என்று மாற்றினோம்.

புது ஹோஸை மாட்டும்போது நட்டை முதலில் விரலால்தான் சுற்ற வேண்டும். சில சுற்று விரலாலேயே சுலபமாகப் போனால்தான் மரை நேராக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பேனர் அதன் பிறகு. ஹோஸில் முறுக்கு விழாமல் பார்க்க வேண்டும். அதன்மேல் நீளவாக்கில் ஓடும் எழுத்து வரி முனைக்கு முனை நேராக இருக்கிறதா, சுற்றிக்கொண்டு போகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். சுற்றியிருந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். முறுக்கோடு மாட்டிய ஹோஸ் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நேராகப் பார்க்கும், நட்டைத் தளர்த்தும்.

எண்ணெய் ஊற்றியதும் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. இந்த டீசல் எஞ்சின்களில் பானட்டுக்கு அடியில் ‘ஸ்டாப்’ என்று எழுதிய சின்ன நெம்புகோல் ஒன்று இருக்கும். ஒருவர் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் விட்டு விட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்ற வேண்டும். டீசல் போகாததால் எஞ்சின் பற்றாது, ஆனால் ஆயில் பம்ப் சுற்றும். பிரஷர் முள் எழுந்த பிறகே நெம்புகோலை விட வேண்டும்.

அதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்து வண்டியை ஒப்படைத்தால் எல்லாம் வீண். பட்டறையில் ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒழுகவில்லை பாருங்கள் என்று காட்டுவதில் அர்த்தமே இல்லை. தெர்மோஸ்டாட் இன்னும் திறக்கவே இல்லையே. மறுபடி பவுடர் தூவி, மறுபடி வால்பாறை ரோட்டில் ஏறினோம். கூலரைத் தொட்டுப் பார்த்து, அது கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்த பிறகுதான் டார்ச் அடித்தோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. வண்டியை ஆறவிட்டு டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் அளவு இறங்கியிருந்தது. காலியாக இருந்த கூலருக்குள் எண்ணெய் போய் நிறைந்ததால் அது இயல்பு. குறைந்ததை ஊற்றி, நட்டுகளை இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.

பழைய ஹோஸைத் தோட்டக்காரர் முன்னாலேயே ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தேன். வெளித்தோல் நடுப்பகுதியில் பரவாயில்லாமல்தான் இருந்தது. உள்ளே, பூணுக்குக் கீழ், ரப்பர் பளபளவென்று கறுத்துக் கெட்டியாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. மெல்ல வளைத்ததும் குறுக்கே விரிசல்கள் வாய் திறந்தன. அவற்றின் ஆழத்தில் நூல் பின்னல் எண்ணெயில் ஊறித் தெரிந்தது. அந்தப் பின்னல் ஒன்றுதான் அவ்வளவு நாளும் எஞ்சினைக் காப்பாற்றி வைத்திருந்தது. மேல் ஹோஸையும் அறுத்துப் பார்த்தார். அதிலும் விரிசல் ஆரம்பித்திருந்தது. கூலி பற்றி அதற்கு மேல் அவர் பேசவில்லை.

பென்ஸ் இல்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பஜாஜ் பல்சர் 220இலும், ராயல் என்ஃபீல்டின் 411 சிசி ஹிமாலயனிலும் ஆயில் கூலர் உண்டு. முன்சக்கரத்துக்குப் பின்னால் சின்னதாகத் தெரியும், அதிலிருந்து இரண்டு ஹோஸ் எஞ்சினுக்குப் போகும். இரண்டிலுமே பத்து வருஷத்தை நெருங்கிய அல்லது தாண்டிய வண்டிகள் இன்று ரோட்டில் ஓடுகின்றன. பைக்கில் ஹோஸ் கசிந்தால் எஞ்சினைவிட முதலில் ஆபத்து ஓட்டுகிறவருக்குத்தான். முன்னால் ஒழுகுகிற எண்ணெய் காற்றில் பின்னால் தெறித்துப் பின்டயரில் படும். வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது டயரின் ஓரத்தில் எண்ணெய் இருந்தால் பிடிமானமே இருக்காது. அடுத்த தடவை ஆயில் மாற்றக் கொடுக்கும்போது, வண்டி நன்றாக ஆறியிருந்தால், அந்த ஹோஸ்களை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். மெதுவாக அமுங்கித் திரும்பி எழ வேண்டும். கல்லாக இருந்தாலோ, வளைக்கும்போது மேலே கோடு கோடாக விரிசல் தெரிந்தாலோ, முனையில் ஈரத் தூசி ஒட்டியிருந்தாலோ, மெக்கானிக்கிடம் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். முனையில் காப்பர் வாஷரோ ஓ-ரிங்கோ எது இருந்தாலும் அதையும் புதுசாகவே கேட்டு வாங்குங்கள்.